மருந்து கேட்காத புல்

இங்கே வீட்டுக்குள் பூட்ஸோடு நடக்கலாம். வயலுக்குள் நுழையத்தான் காலைச் சுத்தம் செய்ய வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமைப் பகுதிக்கு வந்த முதல் வாரத்தில் இதைக் கண்டு திகைத்துப்போனேன். கென் என்ற விவசாயி தன் நிலத்தின் கேட்டருகே என்னை நிறுத்தி, ஒரு பிரஷைக் கொடுத்து பூட்ஸின் அடிப்பாகத்தைத் தேய்க்கச் சொன்னார். பேன்ட் மடிப்பை அவிழ்த்து உதறச் சொன்னார். என் சாக்ஸில் ஒட்டியிருந்த இரண்டு புல்விதைகளை அவரே குனிந்து எடுத்து ஒரு டப்பாவில் போட்டு மூடினார். பிறகு அதே பூட்ஸோடு சமையலறை வரைக்கும் அழைத்துப்போய் டீ கொடுத்தார். பொள்ளாச்சிக்குக் கிழக்கே தென்னந்தோப்பில் இருக்கும் அப்பாவிடம் போனில் இதைச் சொன்னேன். “அதென்ன அம்மணி, காட்டுக்குப் போறதுக்குக் காலு கழுவோணுமா? ஊட்டுக்குள்ள வாரப்பத்தான கழுவோணும்?” என்று கேட்டுவிட்டு, நான் விளக்குவதற்குள் மழையைப் பற்றிப் பேசப் போய்விட்டார்.

கென்னின் கோதுமையில் ரைகிராஸ் என்ற புல் நிறைந்து கிடந்தது. எந்தக் களைக்கொல்லிக்கும் சாகவில்லை. நான் அங்கே போனதே அதற்காகத்தான். நோட்டைத் திறந்து முதல் கேள்வியாக, “மருந்து தெளிப்பது யார்?” என்றேன். “நான்தான்” என்றார். “நீங்கள் முதலாளி. கையால் தெளிக்கும் ஆள் யார்? அவரோடு நான் பேச வேண்டும்” என்றேன். அவர் முகம் சிவந்தது. தன் வேலையில் குற்றம் கண்டுபிடிக்கிறேன் என்று நினைத்துவிட்டார். உள்ளே போய்ப் பல வருடத் தெளிப்புக் கணக்கையும் எடுத்துவந்து மேஜைமேல் போட்டார். “நானேதான் டிராக்டர் ஓட்டுகிறேன், நானேதான் தெளிக்கிறேன். இது ரெசிஸ்டன்ஸ், புல்லே மருந்தைத் தாங்கப் பழகிவிட்டது. எனக்குத் தெரியும்” என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். மருந்தில் தண்ணீர் கலந்தாரா என்று அந்த மனிதரை யாரும் கேட்கப்போவதில்லை. பழி போட வேறு ஆள் இல்லாத வயல் அது. அந்தக் கணக்கை ஒரு வரிகூட விடாமல் படித்தேன். காரணம் கென்னுக்குத் தெரியாது. இங்கே யாருக்குமே தெரியாது.

அதற்கு முந்தைய வருடம், தொண்ணூறுகளின் நடுவில், நான் கோயம்புத்தூரில் ஒரு வேளாண் கல்லூரியில் களை பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து எங்கள் துறைக்குக் கடிதம் வந்தது. ஒரு பகுதியில் இரண்டு முறை மருந்தடித்தும் புல் சாகவில்லை, வந்து பார்க்க வேண்டும் என்று. துறைத் தலைவர் என்னை அனுப்பினார். தோட்டத்தின் பீல்டு ஆபீசர் செல்வராஜ், எங்கள் பக்கத்துக்காரர், பஸ் நிறுத்தத்திலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார். “மருந்துல ஒரு குத்தமும் இல்லீங்க மேடம். அடிக்கிற கையிலதான் குத்தம். மாரியப்பன்னு ஒருத்தன். பாதி மருந்த வித்துப்போட்டு, மீதிக்குத் தண்ணிய ஊத்தி அடிச்சுப்போடறானுங்க.”

மாரியப்பன் தேயிலைச் சரிவில் முதுகுப் பம்போடு நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். கேழ்வரகு மாதிரி விரல்விரலாகக் கதிர் விட்ட அந்தப் புல், செடிகளுக்கு நடுவே பச்சையாக நின்றது. “அம்மா, மருந்து கேக்கலைம்மா” என்றார். “மத்ததெல்லாம் கருகிப் போச்சு பாருங்க. இது மட்டும் கேக்க மாட்டேங்குது.” நான் பார்த்தேன். மற்றக் களைகள் எல்லாம் உண்மையிலேயே கருகிக் கிடந்தன. மருந்தில் தண்ணீர் கலந்திருந்தால் அவையும் பிழைத்திருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டு மாணவன்கூட யோசித்திருப்பான். நான் யோசிக்கவில்லை. வகுப்பில் காட்டுவதற்காகக் கொஞ்சம் கதிரைக் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டு மதிய பஸ்ஸைப் பிடித்தேன். அறிக்கையில் ஒரு வரி எழுதினேன்: ‘மருந்து பரிந்துரைத்த அளவைவிடக் குறைவாகத் தெளிக்கப்பட்டிருக்கலாம்.’

மூன்று வாரம் கழித்து செல்வராஜ் நன்றி தெரிவித்து எழுதினார். மேடத்தின் அறிக்கையை வைத்து மாரியப்பனை வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறார்களாம். அடுத்த மாதம் விசாரணை. வேலை போனால் தோட்டம் கொடுத்த லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டும். கடிதத்தை மடித்து வைத்தபோதும் எனக்கு உறுத்தவில்லை. திருடியவர், அனுபவிக்கிறார் என்றுதான் நினைத்தேன். அதை இப்போது எழுதவே கூசுகிறது.

அந்தக் கதிர்களின் விதையை மாணவர்கள் தொட்டியில் முளைக்க வைத்திருந்தார்கள். கல்லூரி மைதானத்தில் எடுத்த அதே வகைப் புல்லின் விதையையும் பக்கத்தில் விதைத்திருந்தார்கள். செய்முறை வகுப்பில் என் கையாலேயே மருந்தை அளந்து இரண்டு வரிசைக்கும் தெளித்தேன். இரண்டு வாரத்தில் மைதானத்துப் புல் வைக்கோலாகிவிட்டது. வால்பாறைப் புல்லில் நுனி மட்டும் மஞ்சளாகி, அடியிலிருந்து புதுத் தளிர் வந்திருந்தது. அளவை இரண்டு மடங்காக்கிப் பார்த்தேன். அதற்கும் சாகவில்லை. ஒரு மாணவி, “மேடம், புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சிட்டோமா?” என்று சந்தோஷமாகக் கேட்டாள். நான் செல்வராஜின் கடிதத்தைத் தேடி எடுத்து விசாரணைத் தேதியைப் பார்த்தேன்.

துறைத் தலைவரிடம் ஓடினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “இதப் பாருங்க அம்மணி, அவசரப்பட்டு வெளிய சொல்லிப்போடாதீங்க. ஒருக்காச் செஞ்சது போதாதுங்க. மறுக்காச் செஞ்சு பார்த்துப்போட்டு அப்பறம் எழுதலாம்.” அறிவியல்படி அவர் சொன்னது சரி. ஆனால் மறுபடி விதைத்து, வளர்த்து, தெளித்துப் பார்க்க இரண்டு மாதம் வேண்டும். விசாரணைக்குப் பத்து நாள்தான் இருந்தது. “அந்த ஆளுக்கு வேலை போயிருமுங்க சார்” என்றேன். அவர் மேஜைமேல் இருந்த கோப்பு ஒன்றை நகர்த்தி வைத்தார். வெளிநாட்டு ஆராய்ச்சிக்கு நான் கொடுத்திருந்த விடுப்பு விண்ணப்பம் அதற்குள் இருந்தது. வேண்டுமென்றே நகர்த்தினாரா, கை பட்டு நகர்ந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

விசாரணை நாளன்று விடுப்பு எடுத்துக்கொண்டு, உயிருள்ள தொட்டி ஒன்றையும் செத்த தொட்டி ஒன்றையும் மடியில் வைத்துக்கொண்டு வால்பாறை பஸ்ஸில் ஏறினேன். “ஏனுங்க, புல்லுக்கும் டிக்கெட் எடுக்கோணுங்களா?” என்று கண்டக்டர் கேட்டதற்கு பஸ்ஸே சிரித்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் தொட்டிகளை அணைத்துப் பிடித்தேன். மண் சேலையெல்லாம் கொட்டியது.

ஆபீசில் மாரியப்பன் சுவரோரமாக நின்றிருந்தார். மேனேஜர் தொட்டிகளைப் பார்த்தார், நான் சொன்னதை மரியாதையாகக் கேட்டார். பிறகு என் அறிக்கையை எடுத்து என் பக்கம் திருப்பினார். “இது உங்க கையெழுத்துதானே மேடம்?”

“ஆமாங்க.”

“இதை நம்பறதா, தொட்டியை நம்பறதா?”

“தொட்டியை நம்புங்க. நான் எழுதினது தப்புங்க” என்றேன். செல்வராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானே தொடர்ந்தேன்: “ஸ்டோர்ல பிரிக்காத கேன் ஒண்ணு எடுங்க. உங்க எல்லாத்துக்கும் முன்னால இவரே அடிக்கட்டும். ரெண்டு வாரம் பொறுத்துப் பாருங்க.”

மேனேஜர் ஒப்புக்கொண்டார். கேனைப் பிரித்து செல்வராஜே அளந்து ஊற்றினார். மாரியப்பன் பம்பை மாட்டிக்கொண்டு, சரிவில் கயிறு கட்டிப் பிரித்த ஒரு துண்டில் அடித்தார். அந்த இரண்டு வாரம் நான் கோயம்புத்தூரில் எப்படிப் பாடம் நடத்தினேன் என்று நினைவில்லை. பதினைந்தாம் நாள் மறுபடி மேலே போனேன். கயிறு கட்டிய துண்டில் மற்ற களையெல்லாம் செத்து, அந்தப் புல் மட்டும் நின்றது.

மாரியப்பனை அன்றே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். நான் போய் அவர் முன்னால் நின்றேன். என்ன சொல்வதென்று தெரியாமல், “இனி ஒண்ணும் பயமில்லீங்க” என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை. “புல்லைக் கொண்டுபோய் அத்தனை சோதனை பண்ணியிருக்கீங்கம்மா. என்னை ஒரு வார்த்தை கேக்கலையே” என்றார். பம்பை எடுக்காமலே சரிவில் இறங்கிப் போனார்.

துறைத் தலைவர் சில மாதம் கழித்து என் விடுப்பில் கையெழுத்துப் போட்டார். “போய்ட்டு வாங்க” என்றார், நிமிராமல். இங்கே வந்து படித்து, இங்கேயே பாடம் நடத்துகிறேன். எவ்வளவு மருந்து தெளித்தார்கள் என்று கேட்பதற்கு முன்னால் தெளித்தவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள் என்பேன். மாணவர்கள் தலையாட்டி எழுதிக்கொள்கிறார்கள். இதில் எழுத என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றக்கூடும்.

போன மாதம் செல்வராஜிடமிருந்து கடிதம் வந்தது. புல் பக்கத்துப் பகுதிக்கும் பரவியதால், அங்கே மருந்தை நிறுத்திவிட்டுக் கையால் களையெடுக்கப் பெண்களைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்களாம். ‘மாரியப்பனும் அவங்களோட சேர்ந்து களை பறிக்கிறாருங்க. பம்பைத் தொடமாட்டேனுட்டாரு’ என்று எழுதியிருந்தார். அன்று மதியம் உதவியாளரோடு கென்னின் நிலத்தில் எங்கள் சோதனைப் பாத்திகளுக்குப் போனேன். மருந்துக்குப் பிறகும் பிழைத்து நின்ற ரைகிராஸை எண்ண வேண்டும். குனிந்தேன். எப்போது ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை, வேரோடு ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே போயிருக்கிறேன், மண்ணை உதறி இடது கையில் சேர்த்துக்கொண்டே. “என்ன செய்கிறாய்? எண்ண வேண்டிய செடியல்லவா அது!” என்று வரப்பிலிருந்து உதவியாளர் கத்தினார். ஒரு பாத்தி முழுக்கக் காலியாகியிருந்தது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை, எங்களைத் தவிர ஒரு ஆள் இல்லை. கையிலிருந்த கட்டு இன்னும் ஈரமாக, உயிரோடுதான் இருந்தது. வீசி எறிய மனம் வரவில்லை. திரும்ப நட்டால் கணக்கு சரியாகாது. அதை வைத்துக்கொண்டு வெயிலில் நின்றேன்.