ரொட்டி மாவில் விரிந்த பிரபஞ்சம்

உலு திராமில் ரொட்டி சானாய் என்கிற மலேசியப் பரோட்டா போடும் கடை வைத்திருக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு என் படிப்பு நின்றது. மகளோ பிரபஞ்சத்தைக் கணிதத்தால் ஆராயும் முதுகலைப் படிப்பில் இருக்கிறாள். அதை விளக்கத் தெரியாத கூச்சத்தில், கேட்டவர்களிடமெல்லாம் கம்ப்யூட்டர் படிக்கிறாள் என்று சொல்லிவந்தேன்.

விடுமுறைக்கு வந்தவள் கடையில் நின்றபோது, வாடிக்கையாளர் ஒருவர் கைப்பேசியை நீட்டினார். "கம்ப்யூட்டர் படிக்கிறியாமே, இத கொஞ்சம் பாத்துக் கொடு லா."

அவளுக்குப் புரிந்துவிட்டது. கூட்டம் ஓய்ந்த பிற்பகலில் கேட்டாள். "என் படிப்பு உங்களுக்கு வெட்கமாப்பா?"

"படிப்பு இல்லம்மா. எனக்குச் சொல்லத் தெரியல. அதான் வெட்கம்."

அவள் தட்டையாக்கிய மாவில் கடுகுகளை அழுத்திப் பதித்தாள். "மெதுவா இழுங்கப்பா."

இழுத்தேன். கடுகுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகின.

"எந்தக் கடுகுல நின்னு பாத்தாலும் மத்ததெல்லாம் தள்ளிப் போகும். வானமும் இப்படித்தான் விரியுது. அதைத்தான் நான் கணக்குப் போடுறேன்."

மாவு மெலிந்து வெளிச்சம் ஊடுருவியது. அடியில் என் விரல்கள் மேகத்துக்குள் இருப்பதுபோல் மங்கலாகத் தெரிந்தன. என்னையறியாமல் கேட்டேன். "எதுக்குள்ளம்மா விரியுது?"

என்னையே பார்த்தாள். "இதைத்தான் நானும் முதல் நாள் கேட்டேன்ப்பா. விரியுறதுக்கு வெளியேன்னு ஓர் இடமே வேண்டாமாம்." நாற்காலியை என் பக்கத்தில் போட்டுக்கொண்டு சொல்லத் தொடங்கினாள்.

பாதிகூடப் புரியவில்லை. மாலைக் கூட்டம் வரும்வரை கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள் படிக்கப் போன அன்றே கேட்டிருக்கலாம்.