நாலாம் போத்தல்

எண்பதுகளின் நடுப்பகுதி. சுவிஸில், பேர்ண் நகருக்குச் சற்று வெளியே, அப்பிள் சாறு பிழியும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. அகதியாக வந்து வதிவிடப் பேர்மிட்டுக்காகக் காத்திருந்த காலம் அது. சக்கை கொட்டும் முற்றத்தில் குளவிகள் மொய்க்கும். ஒருநாள் ஒன்று கொத்தி, மூச்சுத் திணறி விழுந்தேன். ஆஸ்பத்திரியில்தான் கண் விழித்தேன்.

இன்னொரு முறை கொத்தினால் உயிர் தப்பாது என்று சொல்லி, குளவி விஷத்தையே மருந்தாகத் தயாரித்து ஊசி போடத் தொடங்கினார்கள். முதலாம் போத்தலில் இருப்பது மிக மெல்லியது. உடம்பு பழகப் பழக நாலாம் போத்தல் வரை வீரியம் ஏறும். நான் நாலாம் போத்தலுக்கு வந்து கனகாலத்துக்குப் பிறகு, என்னோடு ஒரே அறையில் இருந்த, நான் அண்ணை என்று கூப்பிடும் ஒருவரையும் குளவி கொத்தியது. அவருக்கும் அதே ஆஸ்பத்திரியில் அதே வைத்தியம்.

அன்று காலை அண்ணை முதல் ஊசிக்குப் போய்விட்டார். எனக்குப் பின்னேர வேலை. தேத்தண்ணியோடு இருந்தபோது தபாலில் ஆஸ்பத்திரி பில் வந்தது. பில் என்றால் வரி வரியாகப் பார்க்கிற ஆள் நான். அண்ணைக்கு அது பிடிக்காது. "அவங்கள் அனுப்பினால் கட்டிப்போட்டுப் பேசாமல் இரு. பேர்மிட் வருமட்டும் ஒண்டும் கேளாதை" என்பார். அங்கிருந்த எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் பயந்து பயந்து இருந்தோம்.

பில்லில் என் பெயர், என் பிறந்த திகதி. கீழே, முதலாம் போத்தல் தயாரித்த செலவு. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நான் எப்போதோ முடித்த போத்தலுக்கு இப்போது ஏன் காசு? சண்டை பிடிக்கத்தான் சப்பாத்தைப் போட்டேன். ஒரு சப்பாத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். இப்போது முதலாம் போத்தல் தொடங்குபவர் அண்ணை அல்லவா? அவருடையது என் கணக்கில் என்றால், அவருடைய கணக்கில் இருப்பது எது?

என் பெயர்தான் அண்ணையின் தகப்பன் பெயர். அவருடைய பெயர் என் அப்பாவின் பெயர். ஆஸ்பத்திரியில் பதியும்போது நான் ஊர் வழக்கப்படி அப்பா பெயரை முன்னால் எழுதினேன். அண்ணை யாரோ சொன்னதைக் கேட்டுத் தன் பெயரை முன்னால் எழுதினார். கடதாசியில் இரண்டு பேருடைய பெயரும் ஒன்றாகிவிட்டது. விலாசமும் ஒன்று. அவர்களுக்கு நாங்கள் ஒரே ஆள்.

தெருமுனை டெலிபோனுக்கு ஓடினேன். என் அரைகுறை ஜெர்மனில் பெயரைச் சொல்லி முடிக்கவில்லை, ஆஸ்பத்திரிப் பெண், அவர் ஏற்கெனவே வந்து உள்ளே இருக்கிறார் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். பஸ்ஸில் ஏறினேன். பிறகு ட்ராம். ஒவ்வொரு தரிப்பிலும் கதவு திறந்து மூடும்வரை எனக்கு உயிரே போனது. என் அப்பாவின் பெயரைக் கொண்டவன் இன்றைக்குச் சாகப்போகிறான் என்ற ஒரே நினைப்புத்தான்.

அறைக் கதவைத் தட்டக்கூட இல்லை. அண்ணை சேர்ட் கையைச் சுருட்டி, புஜத்தைக் காட்டியபடி இருந்தார். பக்கத்தில் நேர்ஸ், கையில் மருந்து ஏற்றிய ஊசி.

"அண்ணை, போட்டிட்டாவோ?"

"இல்லை, இனித்தான். ஏன்டாப்பா இப்பிடி மூச்சு வாங்குது?"

நேர்ஸ் என்னை வெளியே போகச் சொன்னார். நான் போகவில்லை. பில்லை நீட்டி, பிறந்த திகதியைக் காட்டி, அண்ணையைக் காட்டி, தெரிந்த நாலு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் மேசையில் இருந்த போத்தலைத் திருப்பிப் பார்த்தார். நாலாம் போத்தல். ஊசியை மெல்லக் கீழே வைத்தார். பிறகு கதிரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அண்ணைக்கு அப்போதுதான் விளங்கியது.

திரும்பி வரும்போது ட்ராமில் அண்ணை சுருட்டிய சேர்ட் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டார். இறங்குகிற இடம் வந்தபோது சொன்னார்.

"அந்தப் பில்லைக் கட்டாதை. அது என்ரை."

பேர்மிட் பிறகு இருவருக்கும் கிடைத்தது. இன்றும் யாராவது, ஏன் கேட்டுக்கொண்டு நிற்கிறாய், பேசாமல் கட்டிவிட்டுப் போ என்றால், ஒன்றும் கேளாமல் சேர்ட் கையைச் சுருட்டிக் காத்திருந்த அண்ணைதான் என் கண்முன் வருகிறார்.