பின்சீட்டு இல்லாத கார்

ஆறாம் வகுப்புக்கு மேல் எனக்குப் படிப்பில்லை. எழுத்து கோணல்மாணலாக வரும். நடந்ததில் பாதி மறந்தும் போகிறது. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஜோர்ஜ் டவுனில் இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டினேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் கூச்சம் போய்விடும். முதுகுக்குப் பின்னால் எப்போதும் பன்னிரண்டு பிள்ளைகளின் கூச்சல். கண் தெரியும்போதே, பின்சீட்டே இல்லாத ஒரு காரை எனக்கென்று ஓட்ட வேண்டும் என்று ஆசை. வேனை விற்ற பிறகுதான் மகளிடம் அதைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். மறுவாரமே ஜெலுத்தோங்கில் ஒரு பட்டறைக்குக் கூட்டிப் போனாள்.

அங்கே முப்பது வயதான சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நின்றது. இரண்டே சீட்டு. கூரையை மடித்து வைத்திருந்தார்கள்.

பட்டறைக்காரர் என் சேலையைப் பார்த்தார். "யாருக்குக்கா? மகனுக்கா?"

நான் மகளைப் பார்த்தேன். "அம்மாவுக்குத்தாண்ணே" என்றாள் மகள்.

"அடடா, அக்கரை பட்டர்வொர்த்ல ஒருத்தரு கேட்டு வெச்சிருக்காரே. துணி போட்டு மூடி வெச்சு, விலை ஏறினதும் விப்பாராம். நாளைக்கு வர்றாரு லா."

"அதுவும் நல்ல யோசனைதாம்மா. நாமளும் மூடி வெக்கலாம்" என்று மகள் என் காதில் சொன்னாள். இல்லை என்று தலையசைத்தேன்.

"சரி, ஆசைக்கு ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்கக்கா" என்று பட்டறைக்காரர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். மகளுக்கு இடமில்லை.

ஏதோ தரையிலேயே உட்கார்ந்து போவது போல் இருந்தது. முதல் கியர் விழுந்ததும் கூச்சம் போய்விட்டது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். வழியில் ஒரு பள்ளிக்கூட வாசல் வந்தது. கால் தானாக பிரேக்கை மிதித்துவிட்டது. ஓரங்கட்டி, இரண்டு பக்க சிக்னலையும் போட்டு, திரும்பிப் பின்னால் பார்த்தேன். மடித்த கூரைதான் இருந்தது.

"யாரைக்கா தேடுறீங்க?"

"பிள்ளைங்கள எண்ணுறேன் தம்பி. வேன் ஓட்டின பழக்கம்."

அவர் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததும் பேச்சும் வந்தது.

"மூடி வெக்கறதுக்கு நான் கேக்கல தம்பி. விலை ஏறாட்டி போகுது. அக்கரைக்குப் போற கடல் பாலத்துல ஓட்டணும், மூஞ்சில காத்து அடிக்கணும். கண்ணு தெரியற வரைக்குந்தானே?"

வெளியாள் ஒருவரிடம் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. பட்டறை வாசலுக்குத் திரும்பினோம். இறங்கும்போது அவர் சொன்னார்:

"பட்டர்வொர்த்காரருக்கு நான் சொல்லிக்கிறேன். ஆனா வாரத்துக்கு ஒருதரம் ஓட்டணுங்கக்கா. இல்லாட்டி பேட்டரி செத்துடும்."

காரை வாங்கிய அன்று கோயிலில் பூசை போட்டு, நாலு எலுமிச்சம்பழத்தையும் சக்கரத்தில் நசுக்கி, அங்கிருந்து நேரே பாலத்துக்குப் போனோம். மகள் பக்கத்தில் இருந்தாள். காற்றில் அவள் முடி என் மூஞ்சியில் அடித்தது. அக்கரையில் ஓரமாக நிறுத்தி, பழக்கம் விடாமல் எண்ணினேன். ஒன்று, இரண்டு. கணக்கு சரி. அதன் பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் தவறவில்லை.

பட்டறை ஜெலுத்தோங்கிலா, அதற்கு அடுத்த ரோட்டிலா, நிச்சயமில்லை. காருக்கு முப்பது வயது என்பதும் குத்துமதிப்புதான். மகள் காரின் கிராண்டை, அதாவது பதிவுப் பத்திரத்தை, எடுத்துப் பார்த்து, தப்பு இருந்தால் திருத்திவிடட்டும்.