தறிக்கு மேலே ஒரு பல்பு

திருத்தணியில் மலைக்கு ஏறும் சாலையோரம் ஷாலினி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். பின்கட்டில் வீடு, அதற்கும் பின்னால் கணவன் பூபாலனின் விசைத்தறிக் கொட்டகை. நான்கு தறிகளின் சத்தத்தில் இருபது வருஷம் நின்றதில் பூபாலனுக்குக் காது மந்தமாகிவிட்டது. சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால் கடையை அப்படியே விட்டுப் போய் அவன் தோளைத் தொட வேண்டும். ஒருநாள் அப்படித் தொட்டதும் திடுக்கிட்டவன், ஓடும் தறியின் மேலேயே கையை ஊன்றப் பார்த்தான். தொடாமல் கூப்பிட ஏதாவது வழி உண்டா என்று அன்றிலிருந்து அவள் தேடத் தொடங்கினாள்.

கல்லூரிப் பெண்கள் அச்சடிக்கக் கொடுத்த பிராஜெக்ட் தாள்களில், சீட்டுக்கட்டு அளவிலான ஒரு குட்டிக் கம்ப்யூட்டரைப் பற்றி அவள் படித்திருந்தாள். விளக்கைப் போடவும் அணைக்கவும் அதற்குச் சொல்லிக் கொடுக்கலாமாம். ஒன்றை வரவழைத்து, வீடியோ பார்த்து ஒரு எல்.இ.டி. விளக்கை மாட்டினாள். மூன்று நாள் எரியவில்லை. விளக்கின் நீளக் காலையும் குட்டைக் காலையும் மாற்றிச் செருகியிருந்தது நான்காம் நாள்தான் புரிந்தது. சரிசெய்ததும் விளக்கு கண் சிமிட்டியது. அன்று கிருத்திகை. போட்டோ பிரிண்டுக்குக் காத்திருந்த மொட்டைத் தலைகளெல்லாம் எட்டிப் பார்க்க, அவள் கைதட்டிவிட்டாள்.

பூபாலன் நூல் வாங்கப் பள்ளிப்பட்டு போயிருந்த நாளில், எலக்ட்ரீஷியன் தணிகைமணி தறிக்கு மேலே பெரிய பல்பை மாட்டி, அந்தக் கம்ப்யூட்டரோடு இணைத்துக் கொடுத்தார். மறுநாள் மதியம் ஷாலினி அவனிடம் எதுவும் சொல்லாமல், பல்பைச் சிமிட்டவைக்கக் கடையிலிருந்தே போனைத் தொட்டாள். பூபாலன் வரவில்லை. ஃபேன் நின்றது, ஜெராக்ஸ் மெஷின் பாதித் தாளோடு நின்றது. பல்பு விட்டு விட்டு எரிவதைக் கண்டு வயரில் கோளாறென்று பயந்து, அவன் மெயினை இறக்கியிருந்தான்.

“இன்னா பாவா, சாப்ட கூப்டா வீட்டு கரண்ட்டையே புடுங்கிட்டீங்க,” என்று சிரித்தாள். விஷயம் தெரிந்ததும், இன்னும் இரண்டு தடவை எரியவைக்கச் சொல்லிப் பார்த்தான் அவன்.

ஒரு வாரம் கழித்துக் கடைக்கு வந்து நின்றான்.

“நீயே கூப்டுகினு கீற. எனக்கும் ஒரு பட்டன் வெச்சிக் குடு.”

வைத்துக் கொடுத்தாள். கொட்டகையில் பட்டன், கடை மேஜையில் ஒரு சிவப்பு விளக்கு. முதல் நாளே அது எரிய, என்னவோ ஏதோவென்று கொட்டகைக்கு ஓடினாள். பூபாலன் தறிகளையெல்லாம் நிறுத்திவிட்டு, புதுச் சேலையின் கரையைக் காட்டினான். மயில்கழுத்து நிறம்.

“மொதல்ல நீ பாக்கணும்னுதான்.”

கடையில் யாரோ கூப்பிடுவது கேட்டது. ஷாலினி நகரவில்லை. கரையை விரலால் தடவிப் பார்த்து, “ஆங், நல்லா கீது பாவா,” என்றாள், அவனுக்குக் கேட்கும்படி உரக்க.