அண்ணனின் வண்டியில் மண்டைக்காடு வரை

காலை ஏழரைக்குக் கருங்கல்லில் இருந்து கிளம்பினோம், அண்ணன் மனைவியான மைனியும் நானும். மண்டைக்காட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், பஸ்ஸிலேயே போயிருக்கலாம். ஆனால் இது அண்ணனின் மோட்டார் சைக்கிள். அவர் நெஞ்சுவலியில் போய் இரண்டு வருடம் ஆகிறது. சாயங்காலம் நாகர்கோவிலில் இருந்து ஒருவர் வந்து இதை வாங்கிப் போவதாக ஏற்பாடு. விற்பது மைனியின் முடிவு. எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை.

வண்டியின் முன்பக்கம் ஆடுகிறது, அதுதான் விற்க அவர் சொல்லும் காரணம். போன மாசிக் கொடைத் திருவிழாவுக்கு நான் மைனியை ஏற்றிப் போனபோது ஹேண்டில் படபடவென்று உதறியது. பந்தய வண்டிகளில் இந்த உதறலை அடக்க ஸ்டீரிங் டேம்பர் என்று ஒரு சிறு உருளையைப் பூட்டுவார்கள். இந்தத் தடவை ஊருக்கு வரும்போது கோவையில் இருந்து அதையும் வாங்கி வந்திருந்தேன். டயர் காற்று, வீல் பேரிங், கோன் செட் எல்லாவற்றையும் முதல் நாளே மெக்கானிக் பார்த்துவிட்டு, கோளாறு இல்லை என்று கையை விரித்திருந்தார். பூட்டுவதற்கு முன் ஒருமுறை ஓட்டிப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

"பைய போங்க தம்பி," என்றார் மைனி. "வண்டிக்கும் சேத்துத்தான் மண்டையப்பம் நேந்திருக்கேன்."

தலைவலிக்காரர்கள் மண்டைக்காட்டு அம்மனுக்கு அரிசிமாவில் அப்பம் செய்து வைக்கிற வழிபாடு அது. மைனியின் கேலிக்கு அண்ணனும் தப்பியதில்லை.

எட்டு மணிக்கு நெய்யூர். அண்ணன் வழக்கமாக நிறுத்தும் கடையில் டீ குடித்தோம், பன்னிரண்டு ரூபாய். அவருக்கு இரண்டு டீ வேண்டும், ஒன்று போதாது. 

ஊர் தாண்டி ஐம்பதைத் தொட்டதும் ஹேண்டில் உதற ஆரம்பித்தது. இறுக்கிப் பிடிக்கவும் கூடாது, பிரேக்கை மிதிக்கவும் கூடாது. ஆக்சிலேட்டரை மெல்லக் குறைத்து ஓரம் கட்டினேன். மைனி இறங்கினார். முகம் வெளுத்திருந்தது.

"உங்கண்ணனும் இந்த ஆடுற வண்டியிலயா என்னைக் கூட்டிட்டுத் திரிஞ்சாரு? ஒரு நாளும் சொல்லலியே."

பயத்தைவிட, அண்ணன் மறைத்துவிட்டாரே என்ற இந்த மனப்புழுக்கம், இந்த வெப்ராளம்தான் அவரை வண்டியை விற்கச் சொல்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. நான் சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். நடுவில் தேங்காய், அரிசிமாவு, சர்க்கரையெல்லாம் அடைத்த பெரிய பை. கொழுந்தன் பின்னால் மைனி உட்கார்ந்தால் நடுவில் ஒரு பை வரும். எங்கள் பக்கத்தில் அதை யாரும் சொல்லித்தர வேண்டாம். மைனி கடைசி விளிம்பில், பாதி கேரியர் மேல் இருந்திருக்கிறார். பாரம் முழுக்கப் பின்னால் போனால் முன்சக்கரம் லேசாகி ஆடாமல் என்ன செய்யும்? மாசியிலும் இதே கதைதான்.

"அண்ணன்கூட எப்படி இருப்பீங்க?"

"ஒட்டித்தான். பின்னே?"

பையை ஹேண்டிலில் இடிக்காமல் டேங்க் மேல் கட்டினேன். "இப்பவும் அப்படியே இருங்க மைனி."

கொஞ்சம் தயங்கினார். பிறகு நெருங்கி உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டார். ஐம்பது, ஐம்பத்தைந்து. வண்டி நூல் பிடித்த மாதிரி போனது. சாதாரண ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு டேம்பர் எதற்கு? அது ஆட்டத்தை அமுக்கும், காரணத்தைத் தேடித் தராது.

மண்டைக்காட்டில் இறங்கியதும் மைனி, நாகர்கோவில்காரரை வரவேண்டாம் என்று போனில் சொல்லச் சொன்னார். சொன்னேன். மைனி சீட்டைத் தடவிக்கொண்டே சிரித்தார்.

"'எனக்க ஓட்டத்தப் பாத்தியாட்டி, கிளாஸ்ல வெள்ளம் வச்சாலும் சிந்தாது'ன்னு நெஞ்ச நிமித்திட்டுத் திரிஞ்சாரு மனுசன். நான் ஒட்டி இருந்ததுதான் அது. சொல்லிக் காட்டலாம்னா ஆளில்லியே தம்பி."