மிர்ஸா காஸிமின் இடப்பக்கம்

தாளின் நடுவே கோடு கிழித்துக்கொண்டிருந்தார் மிர்ஸா காஸிம். இடப்பக்கம் எதிராளியின் நியாயம், வலப்பக்கம் தன்னுடையது. மீன் வாங்கப் போனாலும் இதே கதைதான். வெள்ளவத்தைச் சந்தையில் பாரையா சூரையா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் இரண்டும் விற்றுப்போகும்.

ஷீராஸில் பிறந்து, கம்பளம் விற்க வந்த தகப்பனோடு பத்து வயதில் கொழும்பில் இறங்கியவர். இருபது வருஷம் ஒரு கல்லூரியில் சரித்திரம் படிப்பித்தார். 1936இல் அந்த வேலையை விட்டுவிட்டு ஸ்டேட் கவுன்சில் தேர்தலில் நின்றார். யார் பேச்சைக் கேட்டாரோ, நல்ல மனுஷன் கெட்டார்.

அபேட்சகர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம், அந்த நிறத்தில் ஒரு வாக்குப் பெட்டி. காஸிமுக்கு மஞ்சள். கொட்டாஞ்சேனைச் சந்திக் கூட்டத்தில் எழுந்தவர், வகுப்பில் செய்வதுபோலவே, நீலப் பெட்டிக்காரரின் நல்ல குணங்களை முதலில் முக்கால் மணி நேரம் விளக்கினார். தன் பக்கத்துக்கு வருமுன் மழை பிடித்துச் சனம் கலைந்துவிட்டது. அப்பம் சுடும் றோஸி வாக்குப் போட்டுவிட்டு வந்து, அவரிடமே சந்தோஷமாகச் சொன்னாள்: "சேர் சொன்ன மாதிரியே நீலத்தில போட்டுட்டு வந்தனான்."

தோற்றார். கல்லூரிக் கதவும் திரும்பத் திறக்கவில்லை. பதினொரு வருஷமாகப் புதுக்கடைத் தேநீர்க் கடையொன்றில் என்னைப்போல நாலைந்து பேருக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறார். பாவம், அங்கும் பாதிப் பேர் கேட்பதில்லை.

இப்போது பாராளுமன்றத் தேர்தல். அறுபது வயதில் மறுபடி நிற்கிறார். இனியொரு தேர்தலுக்கு உடம்பு தாங்காது. மனைவி பைறோஸா சொல்லிவிட்டாள்:

"அவர்ட நல்லத அவர் செல்லிக்கொளட்டும். நீங்க உங்கடத மட்டும் செல்லுங்க. இந்த முறயும் மத்தவருக்காகப் பேசினா, நான் பேருவளைக்கு நானாட ஊட்டுக்குப் போயிருவன்."

"நியாயத்துக்கு ரெண்டு பக்கமும் ஈக்குமே" என்று இழுத்தார். அண்ணன் வீட்டுக்குக் கிளம்பத் தயாராக நின்ற அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாளை நடுவே கிழித்தார். இடப்பாதியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அதே கொட்டாஞ்சேனை, அதே சந்தி. றோஸி வீட்டு ஜன்னல் திரைக்குப் பின்னால் பைறோஸா இருந்தாள். காஸிம் வலப்பாதியை வாசித்தார். பத்தே நிமிஷம். சனம் கை தட்டியது.

"இனி இறங்குங்க சேர்" என்று என் பக்கத்தில் நின்ற றோஸி முணுமுணுத்தாள். எனக்கும் அதே பதைப்புத்தான்.

அவர் இறங்கவில்லை. ஜன்னலை ஒருமுறை பார்த்தார். பிறகு கை மெல்லச் சட்டைப் பைக்குள் போனது.