என் ஈறும் அம்மாவின் ஜெபமும்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, பல்வலி என்றால் எல்லாருக்கும் தெரியும். எனக்கு வந்தது அது இல்லை. பல் நன்றாகத்தான் இருந்தது, ஈறுதான் பல்லை மூடிக்கொண்டு வளர்ந்தது. 1969-இல் எனக்கு இருபது வயது. மேல்வரிசை முன்பற்களில் பாதிதான் வெளியே தெரியும். மிச்சத்தைச் சிவந்து தடித்த சதை மூடியிருந்தது. பிரஷ் பட்டாலே ரத்தம். அதற்குப் பயந்து பல்பொடியை விரலால் தேய்த்தும் தேய்க்காமலும் வாயைக் கொப்பளித்துவிடுவேன்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் பாடம் சொல்வேன். அங்கே வேலை செய்த ஆயா நேராகவே கேட்டுவிட்டாள்: “இன்னா டீச்சர், வெத்தல போட்டுகினு கீறியா?” சிரித்து மழுப்பினேன். அதைவிடக் கொடுமை ஒன்று நடந்தது. ஒருநாள் பிள்ளைகளை எழுந்து நின்று பாட்டுச் சொல்லச் சொன்னேன். அத்தனை பேரும் வாயைக் கையால் மூடிக்கொண்டு சொன்னார்கள். கேலி இல்லை. பாட்டு என்றால் அப்படித்தான் சொல்ல வேண்டும்போல என்று நினைத்துவிட்டார்கள் பாவம். வீட்டுக்கு வந்து அழுதேன்.

எனக்கு அப்பா இல்லை, எல்லாம் அம்மாதான். குரோம்பேட்டையில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். பொறுமையான மனிதர். ஈறு இப்படி வளர்வதற்குப் பல காரணங்கள் உண்டு என்றார். பல்லில் படியும் அழுக்கு, சத்துக் குறைவு, ரத்தத்தில் வரும் வியாதி. பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்றும் கேட்டார், மாசமாக இருப்பவர்களுக்கும் ஈறு வீங்குமாம். அம்மா முறைத்த முறைப்பில் மனிதர் சட்டென்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாளா என்பது அது. ஒன்றும் இல்லை என்று அம்மா பட்டென்று சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் எனக்கு வலிப்பு வந்தது. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையில் வலிப்பு நின்றுபோனது. அதற்கே ஊரறிய ஸ்தோத்திரம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் விஷயம் வெளியே தெரிந்தால் பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள்? மாத்திரை எங்கள் வீட்டில் காபித்தூள் டப்பாவுக்குள் ஒளிந்திருந்தது. சபையில் விண்ணப்பம் கேட்டாலும், “மகளின் சரீர சுகத்துக்காக” என்று பொத்தாம்பொதுவாகத்தான் அம்மா சொல்வார்கள். வலிப்பு மாத்திரைக்கும் ஈறுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

டாக்டர் பல்லைச் சுத்தம் செய்தார். சத்து மாத்திரை கொடுத்தார். ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார், ரத்தம் நன்றாக இருந்தது. ஈறு மட்டும் அடங்கவில்லை. மாத்திரையைப் பற்றி மறுபடியும் கேட்டார், மறுபடியும் இல்லை என்றோம். கடைசியில், முன்பற்களை எடுத்துவிட்டுக் கட்டுப்பல் வைப்பதுதான் வழி என்று சொல்லிவிட்டார். இருபது வயதில் பொக்கை வாய்! அந்த வாரம் முழுவதும் உபவாசம் இருந்தேன். பெரிய வார்த்தையெல்லாம் எனக்கு வரவில்லை. ஆண்டவரே, என் பல்லை எனக்கே விட்டுவிடும் என்று மட்டும் கேட்டேன்.

பல் எடுக்கும் நாளும் வந்தது. நான் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். டாக்டர் ஊசியைக் கையில் எடுத்தார். நம்மில் எந்த அம்மா சும்மா இருப்பார்கள்? ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணிக்கொள்கிறேன் என்று முக்காட்டை இழுத்துவிட்டு, என் தலையில் கை வைத்துக் கண்ணை மூடினார்கள். டாக்டரும் மரியாதையாக ஒதுங்கி நின்றார். மனிதரிடம் மறைத்த அம்மாவுக்கு ஆண்டவரிடம் மறைக்கத் தெரியவில்லை.

“தகப்பனே, உம்முடைய பிள்ளை கிரேஸுக்கு இந்த நாற்காலியில வச்சு வலிப்பு வந்துடக் கூடாது அப்பா. காலையில வலிப்பு மாத்திரை கொடுத்திருக்கேன், அதை ஆசீர்வதியும்.”

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு நிற்கிறார்.

“என்ன மாத்திரைம்மா?”

ஏதோ நான்தான் போட்டுக்கொடுத்துவிட்டதுபோல அம்மா என்னைப் பார்த்தார்கள். பிறகு கைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்து நீட்டினார்கள். பெயரைப் பார்த்ததும் அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். இந்த மாத்திரையைச் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு ஈறு இப்படி வளரும், பல்லில் குற்றமே இல்லை, எடுக்க வேண்டாம் என்றார். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் டாக்டர் என்று அம்மா கெஞ்சினார்கள்.

“நான் யார்கிட்டம்மா சொல்லப் போறேன்? சத்தமா சொன்னது நீங்கதான்.”

அந்த மாத்திரையை இன்றைக்கே குப்பையில் போடுகிறேன் என்று அம்மா கிளம்ப, அவர் குரலை உயர்த்தினார். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட மோசமாக வரும், உயிருக்கே ஆபத்து என்றார். முதலில் மாத்திரை கொடுத்த நரம்பு டாக்டரிடமே அனுப்பினார். அவர் கொஞ்சம் கொஞ்சமாக வேறு மாத்திரைக்கு மாற்றினார். சில மாதத்தில் ஈறு ஓரளவு சுருங்கியது. மிச்சத்தைப் பல் டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு வெட்டிச் சீர்செய்தார். கிராம்பு வாசனை அடிக்கும் ஒரு பசையை வைத்து மூடினார். சில நாள் ஆறிய கஞ்சிதான். ரத்தத்துக்குப் பயந்து பல் விளக்காமல் விட்டதும் வளர்ச்சிக்குத் தீனி போட்டிருக்கிறது என்று திட்டினார். அன்று முதல் மெல்லிய பிரஷ், காலை மாலை இரண்டு வேளையும். நடுவில் ஒருமுறை ஈறு மறுபடி லேசாக வளர்ந்து தலைகாட்டியது, சுத்தம் செய்ததும் அடங்கிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் முதலில் என் கையை எடுத்துக் காட்டினேன். ஒவ்வொன்றாக அவர்களும் கையை எடுத்தார்கள். எல்லாம் பல் விழுந்த வயசு, ஒன்றுக்கும் முன்பல் இல்லை. சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

கல்யாணப் பேச்சு வந்தபோது வலிப்பைச் சொல்லியே பேசினோம். முதலில் வந்தவர்கள் வந்த வழியே போனார்கள். அடுத்து வந்தவர்கள் இன்னொரு டம்ளர் காபி கேட்டார்கள். அந்த வீட்டில்தான் இன்று இருக்கிறேன். மாத்திரை இப்போது காபித்தூள் டப்பாவுக்கு வெளியே, அலமாரியில், எல்லார் கண்ணிலும் படும்படி இருக்கிறது.

பல்லை விட்டுவிடும் என்று கேட்டேன். மாத்திரையே இல்லை என்று மறுத்த அம்மாவின் வாயையே திறந்து, ஆண்டவர் பதில் தந்தார். நீங்களும் நம்பிக்கையோடு கேளுங்கள், கேட்கிறதை முழுசாகக் கேளுங்கள். மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். ஆண்டவருக்கு நாம் சொல்லாமலே தெரியும். டாக்டருக்குச் சொன்னால்தான் தெரியும்.